காரணம் எழுதப்படாத முப்பது வினாடிகள்

‘ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே.’ ஒரு பழைய சர்வர் மூலையில் இரைந்துகொண்டிருக்கும் எந்தத் துறையிலும் இந்த வாக்கியத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மூத்தவர் இளையவருக்குச் சொல்லும் அறிவுரையாக அது ஒலிக்கும். உண்மையில் அது ஓர் ஒப்புதல் வாக்குமூலம். ‘இது எப்படி ஓடுகிறது என்று எங்களில் எவருக்கும் தெரியாது’ என்பதே அதன் பொருள்.

இந்தப் பதிவு அந்த வாக்கியத்துக்கு எதிரானது. யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களில், கணினி விழித்தெழும்போது ஓடுகிற தொடக்க ஸ்கிரிப்டுகளைப் பேணுவதும் செம்மைப்படுத்துவதும் எவரோ ஒரு பணியாளரின் எடுபிடி வேலை அன்று. அது ஒரு பதிப்புப் பணி. சுவடியைப் பெயர்த்தெழுதுவதும் பாடபேதம் காண்பதும் புலமை என்றால் இதுவும் புலமையே. இதை அறிவுழைப்பாக மதிக்க மறுப்பதன் விலையை நம் துறைகள் தம் தரவுகளால் செலுத்திக்கொண்டிருக்கின்றன. நானும் செலுத்தினேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் கள ஆய்வு நாயுடுபேட்டையைச் சுற்றி நடந்தது. 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்திலும், அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் இருக்கும் ஊர் அது. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில்பாதையில், ஸ்வர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கிறது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழும் குடும்பங்களின் பேச்சைப் பதிவுசெய்வது என் வேலை. வாடகை அறையில் ஒரு பழைய மேசைக்கணினி. அதில் டெபியன் லினக்ஸ். யூஎஸ்பி வழியாக இணைத்த ஒரு ஹார்ட் டிஸ்க். பதிவுகளெல்லாம் அந்த டிஸ்க்கில் சேரும். கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் அவற்றின் நகல் துறை சர்வருக்குப் போகும். இந்த ஏற்பாடு எனக்குமுன் இருந்த ஓர் ஆய்வாளரிடமிருந்து எனக்கு வந்தது. வரும்போதே அந்த அறிவுரையும் சேர்ந்து வந்தது: ஓடுகிறது, தொடாதே.

நகல் எடுக்கும் கட்டளை ஆர்சி.லோக்கல் என்னும் தொடக்க ஸ்கிரிப்டில் இருந்தது. அதற்கு முந்தைய வரி ‘ஸ்லீப் 30’. முப்பது வினாடி சும்மா இரு, பிறகு நகலெடு என்று பொருள். ஏன் முப்பது? விளக்கக் குறிப்பு ஏதுமில்லை. நான் அந்த வரியைப் படித்திருந்தேன்; ஏனென்று கேட்கவில்லை. சொல்லில் ஓர் அசை கூடினாலும் குறைந்தாலும் காரணம் தேடும் பயிற்சி பெற்றவன் நான். அந்த முப்பதை மட்டும் காரணம் கேளாமல் கடந்துபோனேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மின்சாரம் போனது, வந்தது, மீண்டும் போனது. கடைசியில் கணினி எழுந்தபோது, முறையாக நிறுத்தப்படாத டிஸ்க்கின் கோப்பமைப்பைச் சோதிக்கும் வேலை தொடங்கியது. வழக்கமாகச் சில வினாடிகளில் முடியும் சோதனை, டிஸ்க் அடிபட்டிருந்ததால் நீண்டுகொண்டே போனது. டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி எழட்டும் என்று யாரோ எப்போதோ ஒரு தளர்வு கொடுத்திருந்ததால், மற்ற வேலைகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. முப்பது வினாடி கழிந்தது. டிஸ்க் இன்னும் மவுன்ட் ஆகவில்லை. அது வந்து பொருந்த வேண்டிய இடத்தில் ஒரு வெற்று அடைவு மட்டுமே இருந்தது. நகலெடுக்கும் கட்டளை அந்த வெறுமையை உண்மை என்று நம்பியது. மூலத்தில் இல்லாத கோப்புகளை நகலிலும் நீக்கு என்று அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. அது கீழ்ப்படிந்தது. துறை சர்வரில் இருந்த நகல் முழுவதும் அழிந்தது. மூல டிஸ்க்கோ அடிபட்டுக் கிடந்தது. நகல் தேவைப்பட்ட ஒரே நாளில் நகல் இல்லாமற்போனது.

பெரும்பகுதியை டிஸ்க்கிலிருந்தும் ஒலிப்பதிவுக் கருவியின் அட்டைகளிலிருந்தும் மீட்டேன். மூன்று வாரப் பதிவுகள் மீளவில்லை. அவற்றுள் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியின் பேச்சும் இருந்தது. தமிழ் வினைமுற்றும் தெலுங்கு இடைச்சொல்லும் ஒரே மூச்சில் கலந்து வரும் பேச்சு. மீண்டும் பதிவுசெய்யலாம் என்று இருந்தேன். அடுத்த பொங்கலுக்கு முன் அவர் காலமாகிவிட்டார். புயலைக் குறை சொல்லிப் பயனில்லை. புயல் மின்சாரத்தைத்தான் நிறுத்தியது. பதிவுகளை அழித்தது காரணம் எழுதப்படாத ஒரு வரி. அதைக் காரணம் கேளாமல் காத்துவந்தவன் நான்.

அதற்கு ஆறு வாரங்கள் முன்பு, அக்டோபர் 21 காலை, இதே ஊர்த் தேநீர்க் கடையில் எல்லோரும் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து நின்றோம். எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் ககன்யான் திட்டத்தின் முதல் சோதனை வாகனம் கிளம்பவிருந்தது. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்து, ஐந்து வினாடி இருக்கும்போது நின்றது. எஞ்சின் எதிர்பார்த்தபடி இல்லை என்று கண்ட தரைக் கணினி தானே நிறுத்திவிட்டது. கோளாறு கண்டறியப்பட்டு, அன்றே காலை 10 மணிக்கு ஏவப்பட்டது. அங்கேயும் ஒரு கடிகாரம் ஓடியது; ஆனால் கடிகாரத்துக்கு அதிகாரம் இல்லை, நிபந்தனைக்கே அதிகாரம். ‘நேரம் வந்தது, கிளம்பு’ என்பதற்கும் ‘எல்லாம் ஆயத்தம், கிளம்பு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று கண்ணால் கண்டவன், தன் அறைக் கணினியில் ‘நேரம் வந்தது, நகலெடு’ என்ற வரியை விட்டுவைத்திருந்தேன்.

என் வாதத்தின் மையம் இந்த வேறுபாடுதான். தொடக்க ஸ்கிரிப்டுகளின் வரலாறே எண்ணிலிருந்து காரணத்தை நோக்கி நகர்ந்த வரலாறு.

கணினி எழும்போது முதலில் கர்னல் நினைவகத்தில் ஏறுகிறது. அது முதல் செயலை எழுப்புகிறது. யூனிக்ஸ் மரபில் அதன் பெயர் இனிட். மற்ற செயல்களெல்லாம் அதன் வழியே பிறக்கின்றன. எதை, எந்த வரிசையில் எழுப்புவது என்று அதற்குச் சொல்வன தொடக்க ஸ்கிரிப்டுகள். ஆர்சி என்ற ஈரெழுத்துப் பெயர் யூனிக்ஸுக்கும் முந்தியது. 1960களில் எம்ஐடியில் இருந்த சிடிஎஸ்எஸ் அமைப்பில், கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வரிசையாக ஓடவைக்கும் வசதிக்கு ரன்காம் என்று பெயர். அதன் எச்சமே ஆர்சி. தொடக்கால யூனிக்ஸில் தொடக்க வேலைகள் ஒரே ஆர்சி கோப்பில் மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருந்தன. பிஎஸ்டி மரபு, இடத்துக்கு இடம் வேறுபடும் வரிகளை ஆர்சி.லோக்கல் என்ற தனிக் கோப்புக்குப் பிரித்தது.

சிஸ்டம் ஃபைவ் மரபு வேறொன்றைச் செய்தது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு தனி ஸ்கிரிப்ட். அதன் பெயருக்கு முன்னால் ஈரிலக்க எண். இருபது என்றால் இருபத்தைந்துக்கு முன் ஓடும். ஒழுங்கு கிடைத்தது, ஆனால் காரணம் மறைந்தது. இருபது ஏன் இருபத்தைந்துக்கு முன்? ஒன்று மற்றொன்றை வேண்டி நிற்கிறதா, அல்லது எழுதியவருக்கு அந்த எண் அன்று தோன்றியதா? எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மொழியியல் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. 1968இல் சாம்ஸ்கியும் ஹாலேயும் எழுதிய ஆங்கில ஒலியமைப்பு நூலில் ஒலியன் விதிகள் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. முதல் விதி ஏன் இரண்டாவதற்கு முன் என்றால், அப்படி வைத்தால்தான் சரியான வடிவம் கிடைக்கிறது என்பதே பல இடங்களில் விடை. 1974இல் கூட்சூடாஸ், சாண்டர்ஸ், நோல் ஆகியோர் இதைக் கேள்விக்குட்படுத்தினர். வரிசை வெளியிலிருந்து திணிக்கப்பட வேண்டுமா, அல்லது விதிகளின் இயல்பிலிருந்தே பிறக்க வேண்டுமா என்பதே அந்த விவாதம். ஒரு விதியின் விளைவு மற்றொரு விதிக்கு உள்ளீடு என்றால் எது முன், எது பின் என்று தனியே சொல்லத் தேவையில்லை. ஈரிலக்க எண் வெளியிலிருந்து திணித்த வரிசை. ‘ஸ்லீப் 30’ அதனினும் கீழ்நிலை. அது வரிசையே அன்று, நம்பிக்கை.

இதற்கு விடையைக் கண்டவர்கள் பேணுநர்கள். அதை அவர்கள் ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார்கள். நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் 1.5 பதிப்பில், ஒவ்வொரு தொடக்க ஸ்கிரிப்டும் தன் தலைப்பில் ‘நான் தருவது இது, எனக்கு வேண்டியது இது’ என்று அறிவிக்கும் முறை வந்தது. அந்த அறிவிப்புகளைப் படித்து வரிசையைக் கணக்கிட ஒரு சிறு நிரல். ஸ்கிரிப்ட் ஸ்கிரிப்டாகவே இருந்தது. காரணம் மட்டும் அதனுள் எழுதப்பட்டது. அதன் வடிவமைப்பை விளக்கி லூக் மியூபர்ன் எழுதிய கட்டுரை 2001இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் வெளியானது. தொடக்க ஸ்கிரிப்ட் ஆய்வுப் பொருளாகாது என்போர் அதைப் படிக்க வேண்டும். பழைய முறைகளை ஒப்பிட்டு, குறை கண்டு, மாற்றை முன்வைத்து, எதிர்ப்புகளுக்கு விடை சொல்லும் கட்டுரை அது. நாம் மாணவர்களிடம் கேட்பதும் இதைத்தானே? அந்த முறையைப் பின்னர் ஃபிரீபிஎஸ்டியும் 2003இல் வெளியான 5.0 பதிப்பில் ஏற்றுக்கொண்டது.

டெபியனின் கதை இன்னும் அடக்கமானது. 2011 பிப்ரவரியில் வெளிவந்த ஸ்க்வீஸ் பதிப்பில், எண் வரிசையை விடுத்துச் சார்பு வரிசையில் எழும் முறை இயல்பாக்கப்பட்டது. அதற்கு முன் நடந்திருக்க வேண்டிய வேலையை எண்ணிப் பாருங்கள். சேவை தரும் ஒவ்வொரு பொதியின் பேணுநரும் தம் ஸ்கிரிப்டைத் திறந்து, இது உண்மையில் எதை வேண்டி நிற்கிறது என்று கேட்டு, விடையைத் தலைப்புக் குறிப்பாக எழுத வேண்டியிருந்தது. எண்ணுக்குள் புதைந்திருந்த அறிவைச் சொற்களாக மீட்டெடுத்தார்கள். இதை உரை எழுதுதல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அதே பதிப்பில் இன்னொரு செம்மையும் நடந்தது. தொடக்க ஸ்கிரிப்டுகளை ஓட்டும் இயல்பு ஷெல்லாக, பேஷ் இருந்த இடத்துக்கு டேஷ் என்னும் சிறிய, வேகமான ஷெல் வந்தது. உபுண்டு இதை 2006 அக்டோபரிலேயே, விரைந்து எழுவதற்காகச் செய்திருந்தது. பேஷில் மட்டும் செல்லுபடியாகும் வழக்குகள் டேஷில் ஓடா. ஆகவே போசிக்ஸ் என்னும் பொதுத் தரத்துக்கு ஸ்கிரிப்டுகள் திருத்தப்பட்டன. அந்தத் தனி வழக்குகளுக்குப் பேஷிசம் என்று ஒரு பெயரே உண்டு. திசைச்சொல்லை அடையாளம் கண்டு, பொதுவழக்கு எது என்று முடிவுசெய்யும் வேலைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இந்த உழைப்பு நமக்குத் தொலைவில் நடந்ததன்று. சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து உருவாக்கிய பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் மாணவர்களின் கைகளுக்குப் போனது. தமிழில் பட்டியல்கள் தெரிகின்றன என்று மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதே. 1999ஆம் ஆண்டு சென்னை மாநாட்டிலிருந்து விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் குறியேற்றத்துக்கும் நாம் கொடுத்த கவனம் வீண்போகவில்லை. ஆனால் தமிழ்க் கணிமை பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் திரையில் தெரிவதோடு நின்றுவிடுகிறது. திரை ஒளிர்வதற்கு முன் ஓடும் அந்தச் சில நூறு வரிகளைப் படிக்கத் தெரிந்த தமிழ் மாணவர்கள் எத்தனை பேரை நாம் உருவாக்கினோம்?

இதுவரை ‘தொடாதே’ என்பாரை எதிர்த்தேன். எதிர்முனையில் வேறொரு கூட்டம் இருக்கிறது: ‘எல்லாவற்றையும் தூக்கியெறி, புதிதாக எழுது.’ இவர்களும் பேணுதலின் பகைவர்களே.

2010 ஏப்ரலில் லெனார்ட் பாட்டரிங் சிஸ்டம்டி என்ற புதிய அமைப்பை அறிவித்தார். ஷெல் ஸ்கிரிப்டுகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அறிவிப்புக் கோப்பு. 2011இல் ஃபெடோரா அதை ஏற்றது. டெபியனில் அது பெரும் பூசலானது. 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழுவின் வாக்குகள் சமமாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி தேர்வானது. ஏற்காதவர்கள் பிரிந்துபோய்த் தேவுவான் என்று தனி இயங்குதளம் கண்டார்கள். 2019இல் மீண்டும் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. இரு தரப்பிலும் நியாயங்கள் உண்டு. காரணத்தை அறிவிப்பாக எழுதவைப்பதில் சிஸ்டம்டி முன்னேற்றமே. ‘இந்த அடைவு மவுன்ட் ஆன பிறகே இச்சேவை’ என்று ஒரு வரியில் அதில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் பதிவுகள் இருந்திருக்கும்.

ஆனால் கவனியுங்கள்: என் கணினியில் ஓடியது சிஸ்டம்டிதான். அதன் மடியில்தான் பழைய ஆர்சி.லோக்கல் ‘ஸ்லீப் 30’ஐ வைத்துக்கொண்டு படுத்திருந்தது. புதிய கருவி வந்ததால் பழைய அறியாமை போய்விடவில்லை, குடிபெயர்ந்தது, அவ்வளவே. முப்பது வினாடித் தூக்கத்தைச் சிஸ்டம்டியின் அறிவிப்புக் கோப்பிலும் அப்படியே எழுதிவைக்கலாம், எழுதிவைக்கிறார்கள். கருவி எதுவென்று பத்தாண்டு சண்டையிட்டவர்களில் பலர், தம் சொந்தக் கணினியின் தொடக்க வரிகளை ஒருமுறை முழுதாகப் படித்திருப்பார்களா என்பது என் ஐயம்.

முறையின்றிச் செய்யும் செம்மையும் கொல்லும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் 77 டெராபைட் தரவு அழிந்தது. ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள். பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக்குழுக்கள். பழைய பதிவேடுகளை நீக்கும் பகுதி கொண்ட ஒரு காப்பு ஸ்கிரிப்டைக் கணினியை வழங்கிய நிறுவனத்தார் திருத்தினார்கள். திருத்தத்தின் ஒரு நோக்கம், மாறிகளின் பெயர்களை எளிதில் விளங்கும்படி மாற்றுவது. நல்ல நோக்கம்தான். ஆனால் பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதை எழுதிவிட்டார்கள். பேஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுதும் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, ஓட்டிக்கொண்டே படிக்கிறது. பாதி வழியில் உரை மாறியது. புதிய பெயர்களுக்கு மதிப்பே இல்லை. எல்லை இழந்த நீக்கல் கட்டளை பதிவேடுகளை விட்டு ஆய்வுக் கோப்புகளை நீக்கத் தொடங்கியது. புதியதைத் தனிக் கோப்பாக எழுதிப் பின் பெயர் மாற்றியிருந்தால், அல்லது மதிப்பற்ற மாறி வந்தால் நின்றுவிடு என்று தலைப்பில் ஒரு வரி இருந்திருந்தால், இது நேர்ந்திராது.

ஆகவே தொடாமலிருப்பது கோழைத்தனம், முறையின்றித் தொடுவது அகந்தை. நடுவே ஒரு தொழில் இருக்கிறது. அதற்குப் பெயர் பேணுதல். நம் கல்வியுலகில் அதற்கு இடமில்லை.

வழக்கமான மறுப்புகள் மூன்று. அவற்றுக்கு விடை சொல்கிறேன்.

‘இது தொழில்நுட்பப் பணியாளரின் வேலை, ஆய்வாளருக்கு எதற்கு?’ உங்கள் தரவு இருக்கிறதா இல்லையா என்பதை முடிவுசெய்யும் உரை உங்கள் ஆய்வுமுறையின் ஒரு பகுதி. எத்தனை பேரிடம் எந்த ஒலிவாங்கியால் பதிவுசெய்தோம் என்று ஆய்வேட்டில் எழுதுகிறோம். அந்தப் பதிவு எவ்வாறு காக்கப்பட்டது என்பதை எழுதாதது ஏன்? மேலும், எந்தப் பணியாளர்? பெரும்பாலான மொழித் துறைகளில் அந்தப் பணியிடமே இல்லை. சென்ற ஆண்டு முனைவர் பட்டம் முடித்துப் போன மாணவரே அந்தப் பணியாளர்.

‘எல்லாம் மேகக் கணிமைக்குப் போய்விட்டது, இனி இதெல்லாம் எதற்கு?’ கொள்கலனில் ஓடும் ஒவ்வொரு சேவையும் எழும்போது ஏதோ ஒரு கட்டளையோடுதான் எழுகிறது. அது பலமுறை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். தரவுத்தளம் எழும்வரை பத்து வினாடி காத்திரு என்று எழுதப்பட்ட வரிகள் அங்கும் நிறைந்துகிடக்கின்றன. முகவரி மாறியிருக்கிறது, வழக்கு மாறவில்லை.

‘இதற்கு மதிப்பெண் கிடையாது.’ இதுவே நேர்மையான மறுப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் ஆய்வு மதிப்பெண் அட்டவணையைப் பாருங்கள். கட்டுரைக்கு உண்டு, நூலுக்கு உண்டு, மொழிபெயர்ப்புக்கு உண்டு, மின்பாடத்துக்கு உண்டு, காப்புரிமைக்கு உண்டு. ஒரு துறையின் தரவுக்கட்டமைப்பை ஐந்தாண்டு பிழையின்றிப் பேணியவருக்கு ஒரு வரியும் இல்லை. புதிதாக ஒன்றைக் கட்டியவருக்கு மதிப்பு. கட்டியது சரியாமல் பார்த்துக்கொண்டவருக்கு ‘ஓடுகிறதல்லவா’ என்ற ஒரு சொல். தமிழாய்வு இந்த மனநிலையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் காப்பியம் ஒன்றைப் புதிதாக இயற்றவில்லை. இருந்ததை ஒப்பிட்டார், ஐயம் கேட்டார், காரணத்தோடு பாடம் தேர்ந்தார். அந்த உழைப்பை நூற்றாண்டுக்கும் மேலாக வணங்கும் நாம், அதே உழைப்பு வேறோர் உரையின்மீது நிகழும்போது ஏளனமாகப் பார்க்கிறோம்.

எதிர்ப்போடு நிறுத்தக் கூடாது. செய்யக்கூடியவை இவை, எதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

ஒன்று: எண் இருக்கும் இடத்தில் நிபந்தனை எழுதுங்கள். முப்பது வினாடி காத்திரு என்பதற்குப் பதிலாக, டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நகலெடுக்காமல் நின்று, நின்றதைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். இதற்கென்றே ஒரு சிறு கட்டளை லினக்ஸில் உண்டு.

இரண்டு: ஒவ்வொரு விந்தையான வரிக்கும் மேலே காரணமும் தேதியும் எழுதுங்கள். என்ன செய்கிறது என்பதை வரியே சொல்லும். ஏன் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். விளக்கக் குறிப்பை ஷெல் படிப்பதில்லை. அடுத்த மாணவர் படிப்பார்.

மூன்று: தொடக்க அமைப்புகள் இருக்கும் அடைவைக் கிட் போன்ற மாற்றப் பதிவுக் கருவியில் வையுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பாடவேறுபாட்டுப் பட்டியல் போலத் தானே சேரும். மாற்றுவதற்கு முன் ஷெல்செக் போன்ற கருவியால் ஸ்கிரிப்டைச் சோதியுங்கள். மேற்கோள் குறி விடுபட்டதையும் வெற்று மாறியோடு நீக்கல் கட்டளை ஓடக்கூடிய இடத்தையும் அது சுட்டிக்காட்டும்.

நான்கு: பருவத்துக்கு ஒருமுறை, பகலில், இருவர் உடனிருக்க, நகலைச் சரிபார்த்துவிட்டு, சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி எழுப்புங்கள். ‘நானூறு நாளாக நிற்காமல் ஓடுகிறது’ என்று பெருமைப்படாதீர்கள். நானூறு நாளாக அது எழுமா என்று யாரும் சோதிக்கவில்லை என்பதே அதன் பொருள். எழும்போது எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் கருவி சிஸ்டம்டியிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துக் குறித்துவையுங்கள்.

ஐந்து: அந்த நாளில் ஒரு மாணவரை அழைத்து, தொடக்க ஸ்கிரிப்டை வரி வரியாக வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். பொருள் சொல்ல முடியாத வரியைக் குறித்து, வேறொரு சோதனைக் கணினியில் அதை நீக்கிப் பாருங்கள். தேவை என்று தெரிந்தால் காரணத்தோடு திரும்ப எழுதுங்கள். தேவையில்லை என்றால் விடைகொடுங்கள். செய்யுளை வாசித்துப் பதம் பிரித்துப் பொருள் சொல்லும் வகுப்பு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பாடநூலை மட்டும் ஒருநாள் மாற்றிக்கொண்டால் போதும்.

ஆறு: ஆய்வேட்டில் தரவைக் காத்த முறைக்கு ஒரு பின்னிணைப்பு கேளுங்கள். நெறியாளர்களே, வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள். அட்டவணை மாறும்வரை நீங்கள் கேட்கும் அந்தக் கேள்வியே மாணவருக்கு மதிப்பெண்.

என் அறைக் கணினியில் இப்போது அந்த வரி இல்லை. அது இருந்த இடத்தில் நிபந்தனை ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே தமிழில் நான்கு வரிக் குறிப்பு: என்ன நடந்தது, எப்போது, யாருடைய பேச்சு இல்லாமற்போனது, இந்த நிபந்தனையை ஏன் எவரும் நீக்கக் கூடாது. அடுத்து அந்த அறைக்கு வரும் ஆய்வாளரிடம் ‘தொடாதே’ என்று சொல்லமாட்டேன். படி என்பேன். படித்துவிட்டு, இதைவிடச் செம்மையாக எழுத முடிந்தால் தயங்காமல் தொடு என்பேன்.

உங்கள் துறையின் சர்வர் கடைசியாக எப்போது எழுந்தது? எழும்போது அது என்னென்ன வாசிக்கிறது? நாளைக் காலை போய்த் திறந்து பாருங்கள். காரணம் எழுதப்படாத ஒரு முப்பது அங்கும் காத்திருக்கக்கூடும்.